ஏழாம் நாற்காலியின் டிவி

எங்கள் டயாலிசிஸ் சென்டரில் மொத்தம் 16 நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் இழுத்தால் முகத்துக்கு நேரே வருகிற மாதிரி ஒரு சின்ன டிவி. விடிகாலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் எடை பார்த்து, கம்பளியை உதறிப் போர்த்தி உட்கார்ந்து, கையில் இரண்டு ஊசியும் ஏறியதும் செய்கிற முதல் காரியம் அந்த டிவியை இழுத்துக்கொள்வதுதான். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. ஆக, அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அவர்களுக்குச் சொந்தம் ஒரு கையும் ஒரு ரிமோட்டும். வாரத்துக்கு மூன்று நாள். வருடக் கணக்குப் பார்த்தால் 600 மணி நேரத்தைத் தாண்டும். அமெரிக்க டிவியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறவர்கள் எங்கள் முதல் ஷிஃப்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

2012-இலிருந்து நான் இங்கே நர்ஸ். இடம், வாஷிங்டன் நகரத்தை ஒட்டி மேரிலாந்தில் இருக்கும் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி. இங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் கறுப்பினத்தவர். வக்கீலும் ஓய்வுபெற்ற அரசு அதிகாரியும் பஸ் ஓட்டுநரும் ஒரே சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிற ஊர். எங்கள் நாற்காலிகளில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 சதவீதம் சொச்சம்தான். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள். அதனால் இங்கே நான் சொல்லப்போகிற பெண்கள் எல்லாருமே கறுப்பினப் பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். யார் பெயரையும் எழுத மாட்டேன். நாற்காலி எண்களைக்கூட மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த வருடம்தான் 'ஸ்கேண்டல்' தொடங்கியது. வியாழக்கிழமை இரவுகளில் வரும். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டில் எல்லாருக்கும் கண் சொருகும், வாய் மட்டும் ஓயாது. கெர்ரி வாஷிங்டன் நடித்த ஒலிவியா போப், வெள்ளை மாளிகைக்கே வழி சொல்கிற நெருக்கடி நிபுணர். பெரிய அலைவரிசை ஒன்றில் ஒரு கறுப்பினப் பெண் நாடகத் தொடரின் நாயகியாக வந்தது கிட்டத்தட்ட 40 வருடத்துக்கு அப்புறம் அப்போதுதான் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எங்கள் நாற்காலிகளில் நடந்த விவாதமோ வேறு. ஒலிவியா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு பெரிய கோப்பையில் சிவப்பு ஒயினும் ஒரு கிண்ணம் பாப்கார்னும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கோ தண்ணீரே அளந்துதான். உப்பு ஆகவே ஆகாது.

"அவ்வளவு உப்பைத் தின்றுவிட்டு இவளுக்கு ராத்திரி தாகமே எடுக்காதா?" என்று ஐந்தாம் நாற்காலி கேட்பார்.

"அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டு ஒயின்கூட சிந்த மாட்டேன் என்கிறதே, அதைக் கேள்" என்று எதிர் வரிசையிலிருந்து பதில் வரும்.

பாப்கார்னில் ஆரம்பித்தது எங்கெங்கோ போகும். பதினொன்றாம் நாற்காலிக்கு ஒலிவியாவைப் பிடிக்காது. இவ்வளவு படித்து, இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு, கல்யாணமான ஜனாதிபதிக்கு வைப்பாட்டியாகத்தானா போக வேண்டும் என்பார். "நம் வீட்டுப் பெண்களை டிவி வேறு எதற்கும் லாயக்கு என்று நினைக்காதா?" ஐந்தாம் நாற்காலி விட மாட்டார். "விடு அக்கா. வெள்ளைக்காரப் பெண் தப்புப் பண்ணினால் அது கதை, நாம் பண்ணினால் இனத்துக்கே அவமானமா? ஒரு தடவையாவது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கெட்டுப் போகட்டுமே." ('அக்கா' நான் போட்டது. அவர்கள் 'கேர்ள்' என்பார்கள். அந்த ஒரு சொல்லில் இருக்கிற அக்காவும் தங்கச்சியும் அடியும் அணைப்பும் எனக்குத் தமிழில் வேறு எப்படியும் வரவில்லை.) இந்த வழக்கு ஆறு வருடம் நடந்தது. தொடர் முடிந்தும் தீர்ப்பு வரவில்லை. எனக்கு இரண்டு பேருமே சரி என்றுதான் இன்றைக்கும் படுகிறது.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தார்கள். 2013 இலையுதிர்காலம், மூன்றாம் சீசனின் முதல் பகுதி முடிந்த மறுநாள். அதில் ஒலிவியாவின் அப்பா மகளை நிற்க வைத்து, சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு வாக்கியத்தை அவள் வாயாலேயே சொல்ல வைப்பார்: அவர்களுக்குக் கிடைப்பதில் பாதி கிடைக்கவே நீ அவர்களைவிட இரண்டு மடங்கு திறமையாக இருக்க வேண்டும். ஐந்தாம் நாற்காலி அன்றைக்குக் கேலி பேசவில்லை. "அது என் அப்பாவின் வாக்கியம். அந்த ஆள் எங்கள் சமையலறையில் நின்று பேசினது மாதிரி இருந்தது" என்றார். அடுத்த நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடியபடியே, "எங்கள் வீட்டில் அம்மா சொல்வாள்" என்றார். அதற்கப்புறம் வரிசையாக, அப்பா, பாட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி டீச்சர் என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பெயர் வந்தது. ஜனாதிபதியும் கோட்டும் கொலையும் யார் வீட்டிலும் இல்லை. அந்த வாக்கியம் எல்லார் வீட்டிலும் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா வருவதற்கு முன் ஒரு கறுப்பினப் பெண்ணோடு நான் பேசியதே இல்லை. அதனால் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேனா என்றால், அதுதான் இல்லை. நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன். டிவி பார்த்து வளர்ந்தவள் இல்லையா. கதாநாயகியின் தோழியாக வந்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, விரலை ஆட்டி நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிற பெண். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கடுகடு என்று உட்கார்ந்திருக்கிற பெண். போலீஸ் கட்டின மஞ்சள் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்று மகனுக்காகக் கதறுகிற அம்மா. அப்புறம் நீதிபதி. கவனித்திருக்கிறீர்களா? குற்றத் தொடர்களில் நீதிபதி அடிக்கடி ஒரு கறுப்பினப் பெண்ணாக இருப்பார். கறுப்பு அங்கி, மூக்குக் கண்ணாடி, ஒரு ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்வார், சுத்தியலைத் தட்டுவார், முடிந்தது. அவர் வீடு எங்கே, இரவு என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை என்று எதுவும் கிடையாது. மரியாதையான வேலை, ஆனால் ஆள் இல்லை. நானும் கறுப்புதான். எங்கள் வீட்டில் அதற்கு 'மாநிறம்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தார்கள். டிவியில் கறுப்பாக இருப்பவர்களுக்கு என்ன வேடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியிருந்தும் இந்தப் படங்களையெல்லாம் மண்டையில் அடுக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாற்காலிக்கு வருபவர் பஸ் ஓட்டுகிறவர், ஐம்பதுகளில் இருப்பார். காலை ஐந்து மணிக்கு ஊதா நிறத்தில் பளபளவென்று சுருக்கு வைத்த தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார். குளிக்கும்போது மாட்டுகிற தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார் போல என்று நினைத்து, "வெளியே மழையா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மிஷின் அலாரம் அடிக்கிற அளவுக்குச் சிரித்தார். கை அசைந்துவிட்டது.

அது போனட். சாட்டின் துணி. சுருள் முடிக்கு எண்ணெய்ப் பசை வேர்க்காலிலிருந்து நுனிவரை இறங்காது, வளைந்து வளைந்து போகிற முடி சட்டென்று உலர்ந்து ஒடியும். பருத்தித் தலையணை உறை இருக்கிற கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சி, உரசி உரசிப் பிய்த்துவிடும். அதனால் இரவில் போனட், இல்லையென்றால் பட்டு ஸ்கார்ஃப். டயாலிசிஸ் நாற்காலியின் தலைப்பக்கம் ரெக்ஸின். அதில் நான்கு மணி நேரம் தலையைச் சாய்த்திருக்க அவர் தயாரில்லை. "இதற்காக நான் சனிக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்து பின்னியிருக்கிறேன், பேபி. உன் நாற்காலி தின்ன விடுவேனா?"

அன்றைக்கு அவர் டிவியில் ஏதோ ஒரு தொடர். அழகான கறுப்பினப் பெண் ஒருத்தி படுக்கையில் கண் விழிக்கிறாள். முடி நேராக, வழவழவென்று, ஒரு இழை கலையாமல் தோளில் கிடக்கிறது. வெள்ளைப் பருத்தி உறை. "பார்த்தாயா? அந்தத் தலையணை ராத்திரி முழுக்க இவள் முடியைக் குடித்திருக்க வேண்டும். இவள் தூங்கவே இல்லை. நடிக்கிறாள்" என்றார். நடிகைதானே, நடிக்கத்தானே செய்வாள் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அதற்கப்புறம் எந்தத் தொடரைப் பார்த்தாலும் என் கண் தலையணைக்குத்தான் போகிறது. ஒரு பெண்ணைப் படுக்கையில் காட்டுகிறவர்களுக்கு அவள் படுக்கப் போவதற்கு முன் என்ன செய்வாள் என்று தெரியவில்லை என்றால், அந்த எழுத்தறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. 2014-இல் 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' தொடரில் வயோலா டேவிஸ் கண்ணாடி முன் உட்கார்ந்து, நகைகளைக் கழற்றி, விக்கைக் கழற்றி, ஒட்டு இமையைப் பிய்த்து, முகப்பூச்சைத் துடைத்துவிட்டு வெறும் முகமாக இருப்பாரே, அந்தக் காட்சி அவரே விரும்பிக் கேட்டு வைத்தது. மூன்றாம் நாற்காலி அதை ஃபோனில் எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தப் பாத்திரம் சட்டப் பேராசிரியை, கொலைகளை மறைக்கிறவர். பஸ் ஓட்டுகிறவருக்கும் அவருக்கும் என்ன பொருத்தம்? விக்கின் அடியில் இருந்த சின்னச் சின்ன முடிதான் பொருத்தம். இரண்டு வருடம் கழித்து, 2016-இல், இஸ்ஸா ரேயின் 'இன்செக்யூர்' வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பக்கத்தில் இரண்டு தோழிகள், அவர்கள் வேலை, அவர்கள் அசட்டுத்தனம். அதில் பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுத்தார்கள். யாரும் அதைப் பற்றி வசனம் பேசவில்லை.

முடி என்றால் இவ்வளவா என்று கேட்கலாம். சிசிலி டைசன் 1963-இல் ஒரு தொடரில் இயற்கையான முடியோடு வந்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். முடியை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது 2019-இல்தான், எங்கள் மேரிலாந்து 2020-இல். மூன்றாம் நாற்காலி பஸ் ஓட்டப் போனதே, முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் அவருடைய பின்னலைப் பார்த்து "கொஞ்சம் நாகரிகமாக வரக்கூடாதா" என்று கேட்டதால்தான்.

பதினொன்றாம் நாற்காலி 66 வயதுக்காரர். நான் நர்ஸ் என்பதாலோ என்னவோ எனக்கு அவர் சொன்ன கதை 'ஜூலியா' பற்றியது. 1968-இல் வந்த தொடர். டயான் கரோல் நர்ஸாக நடித்தார். கணவர் வியட்நாம் போரில் இறந்துவிட்டார், ஒரு சின்னப் பையன். வேலைக்காரி அல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணை நடுவில் வைத்து வந்த முதல் தொடர்களில் ஒன்று. அதற்கு முன்னால் 1950-இல் 'ப்யூலா' வந்தது; வெள்ளைக்காரக் குடும்பத்தின் சமையல்காரி, அவர்கள் பிரச்சினையைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தவள். ரேடியோவில் அந்தப் பெண்ணுக்கு முதலில் குரல் கொடுத்தது ஒரு வெள்ளைக்கார ஆண் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதோடு ஒப்பிட்டால் ஜூலியா எங்கேயோ. 1969-இல் பார்பி பொம்மை செய்கிற மேட்டல் கம்பெனி ஜூலியா பொம்மையும் போட்டது, வெள்ளை நர்ஸ் சீருடையோடு.

பத்து வயதில் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பொம்மை கிடைத்ததாம். அவர் அம்மா வாஷிங்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்டில் நர்ஸ் உதவியாளர். அம்மா காலையில் வந்து, ஷூவைக் கழற்றி, பேதி உப்புக் கரைத்த வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். இந்தப் பெண் பொம்மையை எடுத்துப்போய் வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பொம்மையின் பாதம் குதிகால் செருப்புக்கென்றே வளைத்துச் செய்தது, தரையில் நிற்காது. அம்மாவின் பாதமோ வீங்கி, ஷூவின் விளிம்பு பதிந்து, அப்பம் மாதிரி.

"நான் பொம்மையையும் வாளிக்குள் நிற்க வைத்துப் பார்த்தேன், மிதந்தது" என்றார்.

அந்தக் காலத்திலேயே ஜூலியா மேல் விமர்சனம் உண்டு. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வீட்டில் மட்டும் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதே, கறுப்பின ஆண்களே கண்ணில் படவில்லையே என்று. பதினொன்றாம் நாற்காலியிடம் இதைச் சொன்னேன். "எல்லாம் உண்மைதான். ஆனால் பொம்மை இன்னும் என் வீட்டில் இருக்கிறது" என்றார். பேச்சு அதோடு சரி.

இப்போது ஏழாம் நாற்காலி.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் சென்டரிலேயே அவர் குரல்தான் தணிவானது. குனிந்தால்தான் கேட்கும். பலவீனம் என்று நினைத்திருந்தேன். 31 வருடம் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய குரல் அது என்று பின்னால்தான் புரிந்தது. அவர் டிவியில் பழைய தொடர்களை மறு ஒளிபரப்புச் செய்கிற சேனல் ஓடும், எப்போதும் ஒலி இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்து.

2021 கோடை. எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்த காலம், ஆள் பற்றாக்குறை வேறு. அன்றைக்கு அவர் உடம்பிலிருந்து மூன்று லிட்டர் நீர் எடுக்க வேண்டியிருந்தது. வேகமாக நீர் எடுத்தால் சிலருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாதாரணச் சுளுக்கு மாதிரி இல்லை. தசை கல் மாதிரி உருண்டு நிற்கும், பெரிய ஆம்பளைகள் அலறிப் பார்த்திருக்கிறேன். நீர் எடுக்கிற வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சாலைன் விட்டால் சரியாகும். இரண்டு நிமிட வேலை. நான் இன்னொரு நாற்காலியில் இரத்த அழுத்தம் விழுந்த ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாற்காலி கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன், சாலைன் விட்டேன், சரியானது. அப்புறம் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதினேன்: நோயாளி கோபமாக, அக்ரெஸிவாக நடந்துகொண்டார், ஊழியரை நோக்கிக் கத்தினார், சாலைன் தரப்பட்டது.

அந்த வருடம் ஏப்ரலிலிருந்துதான் அமெரிக்காவில் புது விதி வந்திருந்தது. நாங்கள் எழுதுகிற குறிப்பு நோயாளிக்கும் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். இதை நான் பயிற்சியில் கேட்டிருந்தேன். ஆனால் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

அடுத்த முறை வந்தபோது அவர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அச்சடித்து வந்திருந்தார். என் குறிப்பு. பென்சிலால் ஒரு சொல்லின் கீழே கோடு.

"படி."

படித்தேன்.

"நீ வருவதற்கு முன் நான் மூன்று தடவை உன்னை மெதுவாகக் கூப்பிட்டேன். முதல் தடவை நீ திரும்பிப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாய், ஒரு நிமிஷம் என்று. இரண்டாவது தடவை டெக்னீஷியன் பையன் தாண்டிப் போனான். மூன்றாவது தடவை 'ப்ளீஸ்' என்றேன். அது இதில் எங்கே இருக்கிறது?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்தால்தானே.

அவர் குரலை உயர்த்தவில்லை. "31 வருஷம் அலுவலகத்தில் நான் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கத்தினால் என் ஃபைலில் என்ன சொல் விழும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு கெண்டைக்கால் வலிக்கு அதே சொல்லை நீ எழுதிவிட்டாய்" என்றார்.

அந்தச் சொல் என் விரலுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குக் கார் ஓட்டினேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வெள்ளைக்காரர், ஆறடி உயரம், இதே வலிக்கு டிவியின் கையைப் பிடித்து உலுக்கிக் கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தார். அவருக்கு நான் எழுதியது, 'கடுமையான கெண்டைக்கால் பிடிப்பு'. வீட்டுக்கு வந்ததும் அந்த வரி அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' என்று ஒரு தொடர், ரேடியோவில் 1928-இல் ஆரம்பித்து 1951-இல் டிவிக்கு வந்தது. அதில் ஸஃபையர் என்று ஒரு மனைவி. புருஷனை நிற்க வைத்து வாங்குவதுதான் அவள் வேலை, அதுதான் நகைச்சுவை. கறுப்பின மக்களின் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. கடுமையாக எதிர்த்தது. 1953-இல் தொடர் நின்றது, மறு ஒளிபரப்பு மட்டும் உள்ளூர் சேனல்களில் 1966 வரை ஓடியது. கோபக்காரக் கறுப்பினப் பெண்ணுக்கு ஸஃபையர் என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தொடர் நின்று இருபது வருடத்துக்கு அப்புறம் பிறந்தவள் நான். ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. அவளை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை, ஆனாலும் ஏழாம் நாற்காலியில் அவளைத்தான் பார்த்திருக்கிறேன். 2022-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவக் குறிப்புகளை அலசி, கறுப்பின நோயாளிகளைப் பற்றி எதிர்மறையான சொற்கள் எழுதப்படும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட இரண்டரை மடங்கு என்று வெளியிட்டார்கள். என் கணினித் திரையைப் படம் பிடித்து ஒட்டியிருந்தாலும் பொருத்தமாக இருந்திருக்கும்.

கோபம் ஒரு பக்கம் என்றால் 'பலசாலி' இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் தாங்குகிற கறுப்பின அம்மா டிவிக்கு ரொம்பப் பிடித்த ஆள். இதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன், என் தொழில் சொல்லித்தரும் வரை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 2009-இல் வந்த சூத்திரப்படி, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும். சராசரியாகத் தசை அதிகம் என்று ஒரு அனுமானம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் நாள் கணக்கு ஓட ஆரம்பிக்க அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். 19 வந்தவருக்கு, கறுப்பினத்தவர் என்ற பெருக்கலால் 22 ஆகிவிடும். கதவு மூடிக்கொள்ளும். காகிதத்தில் அவர் பலசாலி. 2021 செப்டம்பரில் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவச் சங்கமும் அந்தப் பெருக்கலை எடுத்துவிடச் சொன்னார்கள். 2023-இல் அதனால் நாள் இழந்தவர்களுக்குக் காத்திருந்த காலத்தைத் திருப்பிக் கூட்டிக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. அதற்கான கடிதங்கள் வந்த வாரத்தில் எங்கள் சென்டரில் யாரும் டிவி பார்க்கவில்லை.

ஏழாம் நாற்காலிக்கும் கடிதம் வந்தது. இரண்டரை வருடம் கூடியிருந்தது. படித்துவிட்டு மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டு டிவியை இழுத்தார். 'குட் டைம்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 70-களின் சிகாகோ, அரசாங்கக் குடியிருப்பில் ஒரு ஏழைக் குடும்பம். அம்மாவாக நடித்த எஸ்தர் ரோல், வீட்டில் ஒரு கணவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடிக்க மாட்டேன் என்று சொல்லி வாங்கியவர். மூத்த மகனைக் கோமாளி ஆக்கிக்கொண்டே போகிறார்கள் என்று சண்டை போட்டு நடுவில் வெளியேறி, கடைசி சீசனுக்குத் திரும்பி வந்தவர். அன்றைக்கு ஓடியது 1976-இல் வந்த பகுதி. கணவர் விபத்தில் இறந்துவிட்டார். அம்மா அழவே இல்லை. வந்தவர்களை உபசரிக்கிறாள், சிரிக்கிறாள், பிள்ளைகள் கவலையோடு பார்க்கிறார்கள். எல்லாரும் போனதும் மேஜையில் மிஞ்சின பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள்.

ஏழாம் நாற்காலி ரிமோட்டை எடுத்து முதல் முறையாக ஒலியைக் கூட்டினார்.

கிண்ணம் தரையில் விழுந்து சிதறியது. "டேம், டேம், டேம்!" பதினொன்று திரும்பிப் பார்த்தார். மூன்று போனட்டைச் சரிசெய்துகொண்டார். யாரும் பார்க்காமலே எல்லாருக்கும் அது எந்தக் காட்சி என்று தெரிந்திருந்தது.

"அவளுக்கு அந்தக் கிண்ணத்தை உடைக்க விட்டார்கள்" என்றார் ஏழு. ஒலியைக் குறைத்தார்.

ஒன்பதரை மணிக்கு அவருக்குக் கெண்டைக்கால் பிடித்தது. ஒரே தடவைதான் கூப்பிட்டார், வழக்கமான தணிந்த குரலில். வேகத்தைக் குறைத்து, சாலைன் விட்டு, பாதத்தை என் உள்ளங்கையால் முட்டுக்கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உருண்டு நின்ற தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அப்புறம் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். அந்தத் தாள் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் இது ஒரு வழக்கம். எழுதுவதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பதிவு செய்வேன்.

"வலது கெண்டைக்காலில் பிடிப்பு. நோயாளி உடனே தெரிவித்தார். வலி பத்துக்கு எட்டு."

"ஒன்பது" என்றார்.

திருத்தினேன்.